கை நனைக்காத டீ

குடுங்க அம்மிணி, அந்தப் பையை இப்படிக் குடுங்க. எத்தனை நேரம் நின்னுட்டே தூக்கிட்டு வருவீங்க? என்ற மடியில வெச்சுக்கறேன். பயப்படாதீங்க, இந்த முட்டிய வெச்சுக்கிட்டு நான் எங்க ஓடப் போறேன்! இந்தா, இவரு எறங்கறாரு பாருங்க, உக்காருங்க, நல்லா உக்காருங்க. பையா? இருக்கட்டும். என்ற மடியிலயே இருக்கட்டும். எனக்கொண்ணும் பாரமில்லீங்க.

சத்தியமங்கலம் போறீங்களா? நான் அதுக்கு முன்னாலயே எறங்கிருவேன். இப்ப போன்ல தங்கச்சின்னு என்னமோ பேசினீங்களே, இன்னும் எடம் அமையலீன்னு. ஒட்டுக் கேக்கலீங்க. பஸ்ஸுல பேசினாக் காதுல விழுகத்தானே செய்யும். எங்க வீட்லயும் அதே வெசனந்தானுங்க. எனக்குப் பையன். பூபதின்னு பேரு. மோட்டாருக்குக் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கறான். பீடி கெடையாது, சிகரெட்டு கெடையாது, நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டான். வயசு முப்பத்தாறாச்சு. அதை மட்டும் கேட்டா எல்லாரும் மூஞ்சியச் சுளிக்கறாங்க. வயசு என்னங்க வயசு, ஆம்பளைக்கு!

கேளுங்க, போன சித்திரையில நடந்ததைச் சொல்றேன். கேட்டுட்டு நீங்களே நாயஞ் சொல்லுங்க.

காங்கயம் பக்கம் ஒரு நல்ல எடம் வந்துச்சு. பொண்ணு பேரு கோகிலவாணி. டீச்சருக்குப் படிச்சிருக்குது. அப்பனில்லாத புள்ளை. அதனால எல்லாத்துக்கும் அந்தப் புள்ளையோட அப்புச்சிதான், அம்மாவைப் பெத்தவரு. ராக்கியப்பன்னு பேரு. எம்பது தாண்டியும் தனியா பஸ்ஸேறி வர்ற மனுசன். மொதல்ல நான் ஒருத்தன் வந்து வீடு வாசலைப் பாத்துட்டுப் போறேன், மத்ததை அப்பறம் பேசிக்கலாமுன்னு சொல்லி அனுப்பிச்சாரு.

நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்ல. சம்பந்தம் உறுதியாகறதுக்கு முன்னால அந்த வீட்ல கை நனைக்க மாட்டாங்க. சோறு கெடக்கட்டும், பச்சத் தண்ணி கூடத் தொட மாட்டாங்க. தொட்டுட்டா சம்மதமுன்னு அர்த்தம். அதுக்கப்பறம் பின்வாங்கினா ஊரு காறித் துப்பும். இந்தக் காலத்துப் புள்ளைங்க கேக்கைத் தின்னுட்டு, ஜூஸைக் குடிச்சுட்டு, மக்காநாளு வாட்ஸப்புல வேண்டாமுன்னு போட்டுருதுங்க. ராக்கியப்பன் மாமா அப்படியாப்பட்ட ஆளில்லீங்க. குடிச்சாருன்னா குடிச்சதுதான், குடுத்தாருன்னா குடுத்ததுதான்.

தரகரு என்னமோ பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னாரு. பெரியவரு சோறில்லாம இருந்துக்குவாரு, ஆனா சாயங்காலம் நாலு மணிக்கு டீ இல்லீன்னா தலையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருவாருன்னு. நான் அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். காத்தால வர்றேன்னாரு. வேண்டாமுங்க மாமா, காத்தால மருந்தடிக்க ஆளு வருது, மத்தியானத்துக்கு மேல வாங்கன்னு மாத்திப் போட்டேன்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? இதுல என்ன தப்பு? விருந்தாளிக்கு ஒரு டீ குடுக்கோணுமுன்னு நெனைக்கறது தப்புங்களா?

வந்தாரு. பூபதிதான் வண்டியில கூட்டிட்டு வந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, கையில தடி. வந்ததும் நான் கேட்டைப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன். அது எப்பவும் பண்றதுதான், நாய் வந்துருமில்லீங்களா. வெயில் வருமுன்னு ஜன்னலைச் சாத்தினேன். அந்த நேரம் பாத்து கரெண்டு போச்சு. அது மட்டும் நான் பண்ணலீங்க, சாமி பண்ணுச்சு.

வீட்டைச் சுத்திக் காட்டினேன். எல்லாத்தையும் உத்துப் பாக்கறாரு மனுசன். கட்டுத்தறியப் பாத்தாரு, கெணத்தைப் பாத்தாரு, பூபதி ரூமைப் பாத்தாரு. கதவைச் சாத்திப் பாத்துட்டு, "ஏன் அம்மிணி, தாப்பாளைக் காணோம்?"னாரு. பெரிய பையன் கல்யாணத்தப்ப கழட்டினதுங்க மாமா, ஒரே வீட்ல இருக்கற சனத்துக்கு என்னத்துக்குத் தாப்பாளுன்னேன். ம்னாரு.

பெரிய மருமகளைப் பத்தி அப்பறம் கேட்டாரு. அதையும் மறைக்காமச் சொன்னேன். அந்தப் புள்ளைக்கு நான் ஒரு கொறையும் வெக்கலீங்க. போன் பேசினா தனியா பேசறாளேன்னு பக்கத்துல போய் உக்காந்துக்குவேன். அவுங்க அம்மா குடுத்து விட்ட பலகாரத்தை நாந்தான் பீரோவுல வெச்சுப் பூட்டி அளவாக் குடுப்பேன், ஒடம்பு கெட்டுருமேன்னு. ஒரு நோம்பிக்கு அம்மா வீட்டுக்குப் போனவ திரும்பி வரலை. அவ பின்னாலயே என்ற பெரியவனும் திருப்பூருக்குப் போயிட்டான். சொக்குப்பொடி போட்டுட்டா, வேறென்ன! எனக்கும் மாமியா இருந்தா. தாப்பாளு என்னங்க தாப்பாளு, எங்க காலத்துல ரூமுக்குக் கதவே கெடையாது. நான் ஓடினேனா?

மணி நாலாச்சு. பெரியவரு நெத்தியத் தேய்க்க ஆரம்பிச்சாரு. நான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துக்கிட்டேன்.

"அம்மிணி, வெளிய எங்காச்சும் போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றேன்"னாரு.

"என்னங்க மாமா, வீட்ல எருமைப்பாலு கட்டியா இருக்குதுங்க, இஞ்சி தட்டிப் போட்டு—"

"அது வேண்டாம். தப்பா எடுத்துக்காத. வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல. முக்குல ஒரு பேக்கரி பாத்தனே?"

"ஐயோ, அங்கீங்களா! நின்னுட்டுத்தான் குடிக்கோணும். உங்க காலுக்கு ஆகுமுங்களா?"

"பெஞ்சு போட்டிருக்குது, பாத்தேன்."

"பெஞ்சு பூராப் பசங்க உக்காந்து புகை விட்டுட்டு இருப்பானுங்க மாமா. நீங்க அங்க உக்காந்தா நாலு பேரு என்னைய என்ன சொல்லுவாங்க?"

"சரி, பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு பெரிய ஓட்டலு இருக்குதில்ல?"

"அங்க டீ மாடியிலதாங்க. படி செங்குத்தா இருக்கும். மேல ஏசி வேற. ஆத்திக் குடிக்கறதுக்குள்ள பச்சத் தண்ணியாப் போயிரும்."

"மாரியம்மன் கோயிலு முன்னால டீக்கடை..."

"இன்னைக்கு லீவுங்க." அது பொய்யில்லீங்க அம்மிணி, அவன் எப்பவாச்சும் லீவு விடறவன்தான்.

பாவம், அவருக்கு வேர்த்து ஊத்துது. துண்டால மொகத்தைத் தொடைக்கறாரு, மூடின ஜன்னலைப் பாக்கறாரு, என்ற இடுப்புச் சாவியப் பாக்கறாரு. கடைசியில, "பக்கத்து வீட்ல கேட்டா ஒரு வாய் டீ குடுக்க மாட்டாங்களா? அது உங்க வீடு இல்லையே"ன்னாரு. பாருங்க, டீக்கு எவ்வளவு தவிச்சிருந்தா அந்த மனுசன் அதைக் கேட்டிருப்பாரு! நான் ஒரே போடாப் போட்டேன். "அவுங்க வீட்ல தீட்டுங்க மாமா"ன்னேன்.

அவரு தடி மேல ரெண்டு கையும் வெச்சு, கை மேல நெத்திய வெச்சுக்கிட்டாரு.

பூபதியா? அவன் கதவு நெலவுல சாஞ்சு நின்னுட்டே இருந்தான். அப்படித்தான் அவன். வீட்ல வாயைத் தொறக்க மாட்டான். நான் பேசறதைக் கேட்டுட்டே நிப்பான். அவ்வளவு அடக்கம்.

நான் அடுப்பைப் பத்த வெச்சேன். வேணுமுன்னே சமையக்கட்டுக் கதவைத் தொறந்து வெச்சுத்தான் போட்டேன். இஞ்சி வாசம் வீடு பூராப் பரவுது. ஏலக்காயும் ரெண்டு தட்டிப் போட்டேன். அந்த டீ வாசத்துல எனக்கு என்னமோ எங்கப்பன் நெனப்பு வந்துருச்சு.

அதையும் சொல்லிப் போடறேன். எங்கப்பனும் இதே வீட்டுக்கு, இதே மாதிரி ஒரு சித்திரை வெயில்லதான் வந்தாரு. எடம் வேண்டாமுன்னு சொல்லத்தான் வந்தாரு. மாப்பிள்ளைக்குக் கோவம் எச்சா இருக்குது, மாமியாக்காரி ஒரு மாதிரின்னு யாரோ சொல்லியிருந்தாங்க. நடந்து வந்த களைப்பு. என்ற மாமியா ஒரு சொம்பு மோரு கொண்டாந்து கையில குடுத்தாளாம். யோசிக்காமக் குடிச்சுட்டாரு. குடிச்சப்பறம் எந்த மொகத்தை வெச்சுட்டு வேண்டாமுன்னு சொல்றது? அந்த ஒரு சொம்பு மோருல என்ற கதை முடிஞ்சுது. முடிஞ்சுதுன்னா, கல்யாணம் முடிவாச்சுன்னு சொல்ல வந்தேன். வீட்டுக்கு வந்து எங்கப்பன் என்ற மூஞ்சியப் பாக்கலை. "தாகமா இருந்துச்சு சாமி"ன்னு மட்டும் சொன்னாரு. நான் என்ன செத்தா போயிட்டேன்? குடும்பம் நடத்தலையா? ரெண்டு ஆம்பளைப் புள்ளை பெக்கலையா? எல்லாம் பழகிக்கிட்டதுதானுங்க. அழுதேன், பழகினேன். அவ்வளவுதான்.

எங்க விட்டேன்? ஆங், டீ. பித்தளை டம்ளர்ல ஊத்தி, நொரை ததும்ப ஆத்தி, கொண்டு போய் அவரு கையில வெச்சேன். கையிலயே வெச்சுட்டேன். "மருந்துன்னு நெனச்சுக் குடிங்க மாமா, தலைவலிக்கு மருந்து குடிக்கறதுக்கு வழக்கம் என்னங்க பண்ணும்?"னேன். அவரு டம்ளரையே பாக்கறாரு. சூடு ஏறுது, கீழ வெக்க மாட்டேங்கறாரு. மெதுவாத் தூக்கறாரு. தாடைக்கு வந்துருச்சு. ஆவி அவரு மீசையில படுது. மாரியாத்தா, இன்னும் நாலு வெரக்கடை தூரந்தானேன்னு நான் மூச்சைப் புடிச்சுட்டு நிக்கறேன்.

அப்ப வந்தானுங்க பூபதி.

வந்தவன் பெரியவரு கையில இருந்து அந்த டம்ளரை மெல்ல வாங்கினான். வாங்கி, அடுப்புல இருந்து எறக்கின டீங்க அம்மிணி, கொதிக்கக் கொதிக்க, ஒரே மொடக்கா, தானே குடிச்சுட்டான்! கண்ணுல தண்ணி வந்துருச்சு அவனுக்கு. நாக்கு வெந்து போய் அப்பறம் ரெண்டு நாளு மோருஞ்சோறுதான் தின்னான். பட்டறையில காத்தால இருந்து வேலை, பாவம் தாகம்போலன்னு நெனச்சுக்கிட்டேன். ஆனாலும் வீட்டுக்கு வந்த ஒறம்பரை கையில இருக்கறதைப் புடுங்கிக் குடிக்கறதாடா? வெவரம் பத்தாதுங்க அவனுக்கு.

டம்ளரைக் கீழ வெச்சுட்டு என்ற முன்னால வந்து கையை நீட்டினான். "அம்மா, சாவி"ன்னான்.

அந்த வீட்ல பொறந்து வளந்தவன், ஒரு நாளும் என்கிட்டச் சாவி கேட்டதில்லீங்க. என்னமோ அவன் மொகத்தைப் பாத்ததும் கை தானா எடுத்துக் குடுத்துருச்சு. எனக்கே தெரியலை ஏன் குடுத்தேன்னு.

பெரியவரை வண்டியில ஏத்திட்டு நேரா அந்த முக்கு பேக்கரிக்கே போயிருக்கறான். மக்காநாளு வாசல் வழியாப் போன பேக்கரிக்கார பிஜு என்கிட்டச் சொன்னான். "அம்மா, ஒரு பெரியவரோட உங்க பையன் ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. பெரியவரு டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டாரு. உங்க பையன்தான் பேசிட்டே இருந்தாரு. அவரு இவ்வளவு பேசி நான் பாத்ததே இல்ல"ன்னான். பெரியவரு நடுவுல துண்டை எடுத்துக் கண்ணைத் தொடைச்சாராம். வெயில்ல கண்ணு எரிஞ்சிருக்கும்.

என்னடா அவ்வளவு நேரம் பேசினேன்னு இவனைக் கேட்டேன். "நம்ம வீட்டைப் பத்தித்தாம்மா சொன்னேன்"ன்னான். எனக்கு அப்படியே மனசு நெறைஞ்சு போச்சு. இவனுக்கும் பெருமை பேசத் தெரியுதே!

பெரியவரு அப்படியே பஸ்ஸேறிப் போயிட்டாரு. ராத்திரி போன் வந்துச்சு. அவரு சொன்னது ஒண்ணு விடாம இன்னும் காதுலயே இருக்குது. "அம்மிணி, உம்பட பையன் தங்கம். என்ற பேத்தியப் பெத்த அப்பன் உசுரோட இருந்திருந்தாக்கூட அவளுக்கு இவ்வளவு நல்லது நெனச்சிருக்க மாட்டான். நீ நல்லா இரு. இந்த எடம் எங்களுக்கு வேண்டாம்." அவ்வளவுதான். வெச்சுட்டாரு.

சொல்லுங்க அம்மிணி! தங்கமுன்னா எடுத்துக்க வேண்டியதுதானே? தங்கத்தை யாராச்சும் வேண்டாமும்பாங்களா? எனக்கு அன்னைக்கு ராத்திரி ஒறக்கமே இல்லை. அழுதேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அழுதேனுங்க. நான் போயிட்டா அவனுக்கு ஒரு வாய் சுடுதண்ணி வெச்சுக் குடுக்க யாரு இருக்கறாங்க? ஊரெல்லைச் சாமியாட்டம் அந்த வீட்ல ஒத்தையில நிப்பான்.

யோசிச்சுப் பாத்தேன். அப்பறந்தானுங்க ஒண்ணு பிடிபட்டுச்சு. அதுக்கு முந்தி தாராபுரத்துக்காரங்க வந்தாங்க. பஸ்ஸேத்தி விடறேன்னு பூபதிதான் கூட்டிட்டுப் போனான், அந்தப் பேக்கரியில டீ வாங்கிக் குடுத்திருக்கறான். வேண்டாமுன்னுட்டாங்க. அதுக்கு முந்தி பவானிக்காரங்க. அவுங்களும் அங்கதான் குடிச்சாங்க. அவ்வளவு ஏன், என்ற பெரிய மருமக நோம்பிக்குன்னு கெளம்பினாளே, அன்னைக்கும் அண்ணியப் பஸ்ஸேத்தப் போனவன் அங்க உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்துத்தான் அனுப்பினான். பிஜுவே சொன்னான். ஆக, அந்தப் பேக்கரியில என்னமோ இருக்குதுங்க. கண் திருஷ்டியா, செய்வினையா, தெரியலை. அங்க ஒரு டீயக் குடிச்சவங்க மறுக்கா நம்ம வாசப்படிய மிதிக்கறதில்ல. எலுமிச்சம்பழம் கூட வெட்டிப் போட்டுப் பாத்தேன். ஒண்ணும் ஆகலை.

நான் அங்க போனதில்லீங்க. எந்தக் கடையிலயும் போனதில்லை. அந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து ஒரு நாளு நான் வெளிய உக்காந்து ஒரு வாய் டீ குடிச்சதில்ல. மாமியா இருந்த வரைக்கும் விடலை. அப்பறம் என்ற வீட்டுக்காரரு விடலை. ரெண்டு பேரும் போனப்பறம் நானே விடலை. பொம்பளை பேக்கரியில உக்காந்து டீ குடிச்சா நல்லாவா இருக்கும்?

சித்தெ இருங்க, பையனுக்குப் போன் பண்ணிச் சொல்லிப் போடறேன். அட, இருங்க அம்மிணி, பை எங்க போகப் போகுது.

டேய் பூபதி! பஸ்ஸுலதான் வர்றேன். கேட்டைத் தொறந்து வெச்சு, பால் கொஞ்சம் எச்சா எடுத்து வை. ஒறம்பரை வர்றாங்க. ஆமா, பஸ்ஸுல பழக்கந்தான். நல்ல சனம். ஒரு தங்கச்சி இருக்குதாம். அலோ? அலோ? என்னது? நீ என்னத்துக்குடா அங்க வர்றே? அலோ!

வெச்சுட்டான். பேக்கரிகிட்ட வந்து நிக்கறானாம். கேட்டீங்களா கூத்தை! நீங்க ஒண்ணும் கண்டுக்காதீங்க. அந்த ஸ்டாப்புல நாம எறங்க வேண்டாம். அடுத்த ஸ்டாப்புல எறங்கி சித்தெ நடந்தா வீடு. ஒரு டீ குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போங்க. ஒரே ஒரு டீ. அட, பயந்துக்காதீங்க, நீங்க கை நனைச்சதும் தங்கச்சியக் குடுங்கன்னா கேக்கப் போறேன்? ஏன் எந்திரிக்கறீங்க? உக்காருங்க. பை என்கிட்ட பத்திரமா இருக்குது.

ஐயோ, டிரைவரு பேக்கரிகிட்டயே நிறுத்திட்டானே. பாருங்க, பூபதி ஏறிட்டான். பஸ்ஸுக்குள்ளயே ஏறி வந்துட்டான். டேய், நீ எதுக்குடா வந்தே? இவங்கதான்டா. ஏன்டா கையை நீட்டறே? பையா? அவங்க பைடா இது. நான் வெச்சுக்கறேன்... அட, புடுங்காத. ஏன்டா அவங்ககிட்டயே குடுக்கறே? "நீங்க போங்க அக்கா"வா? அவங்க நம்ம வீட்டுக்கு வர்றாங்கடா!

கண்டக்டரு, சித்தெ இருப்பா, விசில் அடிக்காத. எறங்கறேன், எறங்கறேன். கையப் புடிடா, முட்டி மடங்க மாட்டேங்குது.

என்ன சொல்றே? யாரு? நானா? நாம ரெண்டு பேருமா? எதுக்குடா, வீட்லதான் பால் இருக்குதே. கையை விடுடா. ஆளுங்க பாக்கறாங்க. என்னைய எதுக்குடா அங்க கூப்பிடறே...

அம்மிணி! ஜன்னலைத் தொறங்க அம்மிணி! இவன் என்னைய டீ குடிக்கக் கூப்பிடறானுங்க, அந்தப் பேக்கரிக்கு. நீங்களே சொல்லுங்க, அங்க டீ குடிச்சவங்க ஒருத்தராச்சும் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததுண்டுங்களா?